ஏணி சாய்ந்தது, மரம் எழுந்தது

பகுத்தறிவுக் கூட்டங்களிலே, கேள்வி கேட்கும் நேரம் வந்ததும் எழுந்து நிற்பவர் ஒருவர் உண்டு. ஊர் மாறும், ஆள் மாறுவார், கேள்வி மட்டும் மாறாது. "மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்கிறீர்களே! அப்படியானால் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது? அது ஏன் மனிதனாகவில்லை?" என்பார். கூட்டத்திலே சிரிப்பொலி எழும். கேட்டவர், வென்றுவிட்ட களிப்போடு அமர்வார்.

மேடையிலே நிற்கும் நம் தோழர் என்ன செய்கிறார்? சிலர் சினந்து விழுகிறார்கள். சிலர், "அதற்கு இன்னும் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும், பொறுத்திருந்து பாருங்கள்" என்று சொல்லித் தப்பித்துக் கொள்கிறார்கள். சினந்தவர் தோற்றார். தப்பியவரோ இரட்டைத் தோல்வி கண்டார். ஏனெனில், கேள்வி கேட்டவருடைய தவறான எண்ணத்தை அவர் தாமும் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

எது அந்தத் தவறான எண்ணம்? உயிர்கள் எல்லாம் ஓர் ஏணியிலே நிற்கின்றன. அடிப்படியிலே புழு, அதற்கு மேல் மீன், அதற்கு மேல் விலங்கு, அதற்கு மேல் குரங்கு, உச்சியிலே மனிதன். ஒவ்வொன்றும் அடுத்த படிக்கு ஏறக் காத்திருக்கிறது என்ற எண்ணம். பரிணாமக் கொள்கை அப்படிச் சொல்லவில்லை. அந்த ஏணியை உடைத்ததே அக்கொள்கை செய்த பெரும்பணி. ஏணி இருந்த இடத்திலே அது ஒரு மரத்தை வரைந்தது. உயிர்நூலார் இன்றும் உயிரினங்களின் உறவை அந்தக் கிளைப்படத்தாலேயே காட்டுகிறார்கள். படந்தானே என்று எண்ண வேண்டா. ஒரு படத்தை அகற்றி மற்றொரு படத்தை மாட்டுவதற்கு அறிவுலகம் நூறாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை என்பதற்கு, கூட்டந்தோறும் எழும் அந்தக் கேள்வியே சான்று.

பழைய ஏணி

ஏணியின் வயது பெரிது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் உயிர்களை நிறைவு மிக்கவை, நிறைவு குறைந்தவை என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். அவருக்குப் பின் வந்த ஐரோப்பியச் சமயவாதிகள் அந்த வரிசையை விண்ணுலகம் வரை நீட்டினர். கல்லுக்கு மேல் செடி, செடிக்கு மேல் விலங்கு, விலங்குக்கு மேல் மனிதன், மனிதனுக்கு மேல் தேவதூதர், எல்லார்க்கும் மேலே கடவுள். எல்லாம் படைப்பிலேயே வகுக்கப்பட்டவை. எந்தப் படியும் மாறாது. எதுவும் தன் படியை விட்டு அசையாது.

1745ஆம் ஆண்டு ஜெனிவா நகரத்து அறிஞர் சார்லஸ் போனே, பூச்சிகளைப் பற்றிய தம் நூலில் இந்த ஏணியைப் படமாகவே அச்சிட்டார். நெருப்பு, காற்று, நீர், மண் ஆகியவை அடியிலே. அவற்றுக்கு மேலே உலோகமும் கல்லும், பிறகு செடி, பூச்சி, பாம்பு, மீன், பறவை, நாற்கால் விலங்கு, குரங்கு, உச்சியிலே மனிதன். மீனுக்கும் பறவைக்கும் இடையே பறக்கும் மீன்! பறவைக்கும் விலங்குக்கும் இடையே வௌவால்! இடைவெளியே தெரியாதபடி படிகளை அடுக்கிவிட்டார். போனே அறிவிலி அல்லர். ஆணின் சேர்க்கையின்றியே அசுவினிப் பூச்சி குட்டி ஈனும் என்பதை 1740இல் ஆய்ந்து காட்டியவர். அத்தகைய ஆராய்ச்சியாளரின் கண்ணையும் ஏணி மறைத்தது.

ஏணி என்று ஒன்றை நட்டுவிட்டால், மனிதன் நிற்கும் படியையும் பல படிகளாக உடைக்கத் துடிப்பவர்கள் வந்து சேர்வார்கள். வந்தார்கள். 1799இல் மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் ஒயிட், மண்டையோடுகளையும் கைகளின் நீளத்தையும் அளந்து, ஐரோப்பியரை உச்சியிலும் ஆப்பிரிக்கரைக் குரங்கினத்தை அடுத்தும் நிறுத்தி ஒரு நூல் வெளியிட்டார். அடிமை முறையை ஆதரிப்பது தம் நோக்கமன்று என்று அவர் சொல்லிக்கொண்டார். சொல்லி என்ன பயன்? ஏணியைச் செய்தவனுடைய நோக்கம் எதுவாயினும், மேற்படியிலே நிற்பவன் கீழ்ப்படியிலே நிற்பவனுடைய தலைமீதுதான் காலை வைக்கிறான். பிறப்பினாலே படி வகுக்கும் ஏணி நம் நாட்டாருக்கு அறிமுகமில்லாத பொருளா? விளக்கம் வேண்டியதில்லை.

குறிப்பேட்டிலே முளைத்த மரம்

உயிரினங்களை மரமாக வரைந்து பார்க்கும் எண்ணம் டார்வினுக்கு முன்பே சிலருக்குத் தோன்றியதுண்டு. 1801இல் பிரெஞ்சுக்காரர் அகஸ்டின் ஓழியே, செடியினங்களை ஒரு மரத்தின் கிளைகளாகவும் இலைகளாகவும் வரைந்தார். ஆனால் அது படைத்தவனின் ஒழுங்கைக் காட்டும் படமேயன்றி, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த வரலாறு அன்று. 1809இல் லமார்க், விலங்கினங்கள் மாறிக் கிளைத்த வழியைப் புள்ளிக்கோடுகளால் வரைந்து காட்டினார். துணிவான முயற்சிதான். ஆயினும், உயிர்கள் மேன்மேலும் ஏறிச் செல்லும் இயல்புடையவை என்ற ஏணி நினைப்பு அவரை முற்றிலும் விட்டபாடில்லை.

லமார்க்கின் நூல் வெளிவந்த அதே 1809இல் பிறந்தவர் சார்லஸ் டார்வின். பீகிள் கப்பலில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உலகைச் சுற்றி, 1836 அக்டோபரில் இங்கிலாந்து திரும்பினார். கலபகோஸ் தீவுகளிலிருந்து அவர் கொண்டுவந்த பறவைகளை, பறவை நூல் வல்லுநர் ஜான் கூல்டு 1837இன் தொடக்கத்தில் ஆராய்ந்தார். அவற்றுள் சில, தீவுக்குத் தீவு வேறுபட்ட தனித்தனி இனங்கள் என்று சொன்னார். டார்வின் திகைத்தார். கண்ணுக்கெட்டிய தொலைவிலே இருக்கும் தீவுகளுக்கு ஒவ்வொன்றாக உட்கார்ந்து தனிப் பறவை படைத்தது யார்? ஏன்? அருகிலுள்ள தென் அமெரிக்கப் பறவைகளின் சாயல் அவை எல்லாவற்றிலும் இருப்பது எதனால்?

1837 ஜூலையில் ஒரு சிறு குறிப்பேட்டைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. அதன் 36ஆம் பக்கத்திலே, தாம் நினைப்பது இதுவென்று பொருள்படும் இரண்டே சொற்களை எழுதினார். அதன் கீழே ஒரு படத்தைக் கிறுக்கினார். அடியிலே ஒன்று என்ற எண். அங்கிருந்து ஒரு கோடு, அது பிரிந்து பல கோடுகள், அவையும் பிரிந்து பற்பல கோடுகள். முனையிலே குறுக்குக்கோடு இட்டவை இன்று வாழும் இனங்கள். குறுக்குக்கோடு இல்லாதவை அழிந்துபோனவை. 'ஏ', 'பி', 'சி', 'டி' என்று நான்கு கிளைகளுக்குப் பெயரிட்டு, எது எதற்கு நெருக்கம், எது எதற்குத் தொலைவு என்று குறித்தார். அருளப்பட்டது என்று எழுதவில்லை. ஆன்றோர் வாக்கு என்று எழுதவில்லை. நினைப்பதாகத்தான் எழுதினார். தவறாகவும் இருக்கலாம், சான்று வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு இடம் வைத்த சொல் அது! மரம் என்பதைவிடப் பவளப் பூண்டு என்பது பொருந்துமோ என்றுகூட அதே ஏட்டிலே ஐயுற்றார். பவளத்தின் அடிப்பகுதி செத்துப்போயிருக்கும், நுனி மட்டுமே உயிரோடிருக்கும். அதுபோலவே நம் மூதாதையரும் மறைந்தனர், முனைகளே எஞ்சின.

அந்தக் குறிப்பேட்டுக்கும் ஒரு கதை உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த அது, மற்றொரு குறிப்பேட்டுடன் 2001இல் காணப்படவில்லை என்று தெரியவந்தது. திருடப்பட்டிருக்கலாம் என்று 2020இல் நூலகம் உலகுக்கு அறிவித்தது. 2022 மார்ச்சில் யாரோ ஒருவர், இளஞ்சிவப்புப் பை ஒன்றிலே இரண்டையும் வைத்து, நூலகத்திலேயே விட்டுச் சென்றுவிட்டார்! கையகலத் தாள் ஒன்றிலே கிறுக்கிய கோடுகளுக்கு இத்தனை மதிப்பு.

1859 நவம்பரில் உயிரினத் தோற்றம் பற்றிய டார்வினின் பெருநூல் வெளிவந்தது. ஏறத்தாழ 500 பக்கங்கள் கொண்ட அந்த நூலில் படம் ஒன்றே ஒன்று, மடித்து வைக்கப்பட்ட ஒரு கிளைப்படம். அடியிலே 11 இனங்கள். குறுக்கே 14 கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஆயிரம் தலைமுறை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். பெரும்பாலான இனங்கள் பாதி வழியிலே மடிகின்றன. இரண்டு மட்டும் கிளைத்துக் கிளைத்துப் பரவுகின்றன. ஒன்று ஏறத்தாழ மாறாமலே வருகிறது. மேற்கோட்டை எட்டும்போது இருப்பவை 15 இனங்கள். மனிதன் எங்கே? படத்திலே மனிதன் இல்லை. கடவுளும் இல்லை. வெறும் எழுத்துகள்! எந்த எழுத்தும் மற்றோர் எழுத்துக்கு மேலே மகுடம் சூட்டிக்கொண்டு நிற்கவில்லை. அந்தப் படத்தின் பெரும் புரட்சியே அதுதான்.

கவையைப் பார், நுனியைப் பாராதே

அந்தக் கிளைப்படத்தை எப்படிப் படிப்பது? மொழிகளைக் கொண்டு பார்த்தால் எளிதில் விளங்கும். டார்வினின் நூலுக்கு ஆறாண்டு முன்னதாக, 1853இலேயே, ஜெர்மானிய மொழிநூலார் ஆகஸ்ட் சிலைகர் ஐரோப்பிய மொழிகளின் உறவை மரமாக வரைந்தார். இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றும் இலத்தீனிலிருந்து கிளைத்தவை. பிரெஞ்சு இத்தாலியத்தின் மகளா? அன்று. உடன்பிறந்தாள். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, அவை தனிக் குடும்பம், வடமொழியின் கிளை அல்ல என்று நிறுவினார். அதே முறையை நேர்மையோடு பின்பற்றிய மொழிநூலார், இன்றைய தமிழையும் இன்றைய தெலுங்கையும் மூலத் திராவிடம் என்னும் பழைய அடிமரத்தின் கிளைகளாகவே காண்கின்றனர். இன்று வாழும் ஒன்று, இன்று வாழும் மற்றொன்றுக்குத் தாயாவதில்லை. இரண்டுக்கும் தாய், மறைந்துபோன மூன்றாவது.

உயிர்களிலும் இதுவே நீதி. படத்திலே கோடு இரண்டாகப் பிரியும் இடம் கவை. கவை என்பது பொது மூதாதை. நம் ஊர்க் கோயில் மதிலிலே தாவும் குரங்குக்கும் நமக்கும் உள்ள கவை, ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டிலிருந்து மூன்று கோடி ஆண்டுக்கு முன்னே இருக்கிறது. சிம்பன்சிக்கும் நமக்கும் உள்ள கவை, ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னே. அந்த மூதாதை சிம்பன்சியும் அன்று, மனிதனும் அன்று. ஒரு கிளை அப்படிச் சென்றது, ஒரு கிளை இப்படி வந்தது. சிம்பன்சிக்கு நெருங்கிய உறவு கொரில்லா என்றுதான் கண் சொல்லும். கிளைப்படம் சொல்வது வேறு. சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட மனிதனே நெருங்கிய உறவு!

ஆகவே, "குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?" என்று கேட்பவரிடம் நாம் திருப்பிக் கேட்கலாம்: "ஐயா, உங்கள் சித்தப்பா மகன் ஏன் இன்னும் நீங்களாகவில்லை?" அவர் உங்களாக மாற வேண்டிய கட்டாயம் என்ன? உங்கள் இருவருக்கும் பாட்டன் ஒருவர். வழி மட்டும் வேறு.

இன்னொன்றும் கருத்தில் வைக்க வேண்டும். கிளைப்படத்தின் நுனிகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதற்குப் பொருளே இல்லை. காற்றிலே ஆடும் தோரணத்தைப்போல, ஒவ்வொரு கவையிலும் கிளைகளை இடம் வலமாகத் திருப்பலாம், உறவு மாறாது. மனிதனை வலக்கோடியிலே எழுதுவதும், நடுவிலே எழுதுவதும், கரப்பான் பூச்சிக்குப் பக்கத்திலே எழுதுவதும் ஒன்றே. வாழும் நுனிகள் அனைத்துக்கும் வயதும் ஒன்றே. குடலிலே வாழும் நுண்ணுயிரும், குளத்துத் தவளையும், குடிமகனும் 350 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அறாமல் வந்த ஒரே கால்வழியின் இன்றைய முனைகள். இதிலே பழங்குடி யார், புதுக்குடி யார்? உயர்குடி யார், இழிகுடி யார்?

மரத்துக்குள் ஒளிந்த ஏணி

ஏணி அவ்வளவு எளிதில் சாகவில்லை. மரத்துக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொண்டது. ஒளித்து வைத்தவர் டார்வினின் பகைவர் அல்லர். அவருடைய கொள்கையை ஜெர்மனி முழுவதும் முழங்கிய எர்னஸ்ட் ஹெக்கல்!

ஹெக்கல் ஆற்றல் மிக்கவர். உயிர்களின் கொடிவழியை ஆராயும் துறைக்கே 1866இல் பெயரிட்டவர் அவர். அவ்வாண்டு வெளியிட்ட நூலில் செடிகள், விலங்குகள், நுண்ணுயிர்கள் அனைத்தையும் மரங்களாக வரைந்து தள்ளினார். ஆனால் 1874இல் அவர் வரைந்த மனிதனின் கொடிவழியைப் பாருங்கள். பருத்த அடிமரத்தோடு ஒரு முதிய மரம். அடியிலே நுண்ணுயிர், நடுவிலே மீனும் பிறவும், உச்சியிலே மனிதன்! மற்ற உயிர்கள் எல்லாம் பக்கத்துக் கிளைகள். மனிதனுக்காகவே அடிமரம் வளர்ந்தது போலத் தோற்றம். இலையும் பட்டையும் போர்த்திய ஏணி அது. 1868இல் வெளியிட்ட மற்றொரு நூலின் முகப்பிலே 12 முகங்களை வரிசையாக நிறுத்தினார். ஐரோப்பிய முகத்திலே தொடங்கி, மற்ற மக்களின் முகங்கள் வழியாகக் குரங்கு முகங்களிலே முடித்தார். கடவுளை மறுத்தவர், மதபீடத்தை எதிர்த்தவர், மனிதரிலே மேல் கீழ் வகுக்கும் மடமையை மறுக்கவில்லை. கடவுளை மறுத்துவிட்டால் பகுத்தறிவு முழுமை பெற்றுவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஹெக்கல் ஓர் எச்சரிக்கை.

அந்த ஹெக்கலோடு தமிழருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மடகாஸ்கர் தீவிலே லெமூர் என்னும் விலங்கு வாழ்கிறது. அதற்கு உறவான தேவாங்கு நம் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளிலே வாழ்கிறது. இடையிலே கடல் இருக்க, உறவினங்கள் இரு கரையிலும் எப்படி வந்தன? 1864இல் ஆங்கிலேய விலங்கு நூலார் பிலிப் ஸ்கிளேட்டர், இந்தியப் பெருங்கடலிலே ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று கருதி, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். ஹெக்கல் அதை மனித இனத்தின் பிறப்பிடமாக்கித் தம் நிலப்படத்திலே குறித்தார். அந்தக் கற்பனை நம் நாட்டுக்கு வந்து, நம் இலக்கியங்கள் கூறும் கடல்கோளோடு கலந்து, நம் மேடைகளிலும் பாடப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. 1960களில் நிலத்தட்டுகள் நகரும் உண்மை நிலைபெற்ற பிறகு, மூழ்கிய கண்டம் அறிவியலுக்குத் தேவையற்றதாயிற்று. கடல் கரையை விழுங்கியதுண்டு. மனிதர் வாழ்ந்த கண்டத்தையே அங்கு விழுங்கியதற்குச் சான்றில்லை. பிறருடைய புராணத்தை மட்டும் பிய்த்தெறிந்துவிட்டு, நமக்கு இனிக்கின்ற புராணத்தை நெஞ்சிலே பூட்டி வைப்பது பகுத்தறிவாகுமா? தமிழின் பெருமைக்குத் தொல்காப்பியம் போதும், சங்கப் பாட்டு போதும், கீழடி மண் போதும். கற்பனைக் கண்டம் வேண்டியதில்லை.

சிறையிலே எழுதிய விதி

எது உறவு, எது வெறும் ஒப்புமை? இதற்கு ஒரு விதி வேண்டாமா? ஹெக்கல் காலத்தில் ஆளுக்கொரு மரம் வரைந்தார்கள். பெரும்புலவர் சொன்னால் பேருண்மை என்ற நிலை. அதை மாற்றியவர் வில்லி ஹென்னிக். 1913இல் ஜெர்மனியில் ஓர் இரயில்வேத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். ஈக்களை ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப் போரின் முடிவிலே, 1945இல், இத்தாலியில் ஆங்கிலேயரிடம் போர்க்கைதியானார். அந்தச் சிறைவாசத்திலே எழுதத் தொடங்கிய நூல் 1950இல் வெளிவந்தது. 1966இல் ஆங்கிலத்தில் வந்த பிறகே உலகம் அதை உணர்ந்தது.

அவர் சொன்ன விதி எளிது. மனிதனுக்குக் கையிலே ஐந்து விரல், பல்லிக்கும் ஐந்து விரல், குதிரைக்கோ ஒரே குளம்பு. விரலை எண்ணி மனிதனையும் பல்லியையும் ஒரு குடும்பம் என்று சொல்லலாமா? கூடாது. ஐந்து விரல் என்பது மூவருக்கும் பொதுவான பழைய மூதாதையின் சொத்து. குதிரை அதை இழந்தது, அவ்வளவே. மாறாக, மயிரும் முலைப்பாலும் பின்னர்த் தோன்றிய புதுமைகள். அவை மனிதனிடமும் குதிரையிடமும் உண்டு, பல்லியிடம் இல்லை. எனவே உறவுக்குச் சான்று, பங்கிட்டுக்கொண்ட புதுமையே. பழைய சொத்து சான்றாகாது. வெறும் தோற்றமும் சான்றாகாது. வௌவாலுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இறகு இருப்பதால் இருவரும் பங்காளிகள் ஆவரோ?

இந்த விதியைக் கையிலெடுத்ததும் பழைய அடுக்குகள் சரிந்தன. முதலையையும் பல்லியையும் பாம்பையும் ஊர்வன என்று ஒரு கூட்டில் அடைத்து, பறவைக்குத் தனி மாளிகை கட்டியிருந்தார்கள். ஆராய்ந்தால், முதலைக்கு நெருங்கிய உறவு பல்லி அன்று, காக்கை! முதலையின் இதயத்துக்கும் பறவையின் இதயத்துக்கும் நான்கு அறைகள். இரண்டும் கூடுகட்டி முட்டையைக் காப்பவை. பறவையை ஒதுக்கிவிட்டு ஊர்வன என்று ஒரு குடும்பம் வரைய முடியாது. ஊர்வது தாழ்வு, பறப்பது உயர்வு என்ற ஏணிக் கணக்கு அங்கே தீர்ந்தது.

குருதியிலே எழுதிய ஏடு

உடலின் வடிவத்தைக் கண்டு மட்டும் சொன்னால் ஐயம் எழலாம். வேறு சாட்சி உண்டா? உண்டு. நம் உயிரணுக்களிலே சைட்டோகுரோம் சி என்ற புரதம் இருக்கிறது. 104 கண்ணிகள் கோத்த சங்கிலி அது. மனிதனிடமும் சிம்பன்சியிடமும் அது ஒரே வரிசை, ஒரு கண்ணியிலும் வேறுபாடில்லை. வட இந்தியக் குரங்கிடம் ஒரே ஒரு கண்ணி வேறு. குதிரையிடம் 12 கண்ணிகள் வேறு. 1967இல் வால்டர் ஃபிட்ச், இமானுவேல் மார்கோலியாஷ் என்ற இருவர், 20 உயிரினங்களின் இந்தப் புரதத்தை மட்டும் ஒப்பிட்டு ஒரு மரம் வரைந்தனர். எலும்பைக் காணவில்லை, தோலைக் காணவில்லை. ஆனால் எலும்பு நூலார் முன்பே வரைந்த மரத்தோடு அது பெரும்பாலும் பொருந்தியது! ஒன்று மட்டும் இடித்தது. ஆமை பாம்பின் பக்கம் நில்லாமல் பறவைகளின் பக்கம் போய் நின்றது. பிழையோ என்று அன்று கருதினர். மரபணு முழுவதையும் படிக்கும் இந்நாளிலோ, ஆமைக்கு நெருங்கியவை முதலையும் பறவையுமே என்று தெளிவாகியிருக்கிறது.

எளிய வேலையென்று நினைக்க வேண்டா. மூன்று இனங்களை மூன்று விதமாகக் கிளைக்க வைக்கலாம். நான்கு இனங்களை 15 விதமாக. பத்து இனங்களை 3,44,59,425 விதமாக! அத்தனை மரங்களில் சான்றுக்குப் பொருந்தும் மரத்தைத் தேடுவதற்கே கணிப்பொறியும் கணக்கும் வேண்டியிருக்கின்றன. இரு வேறு வழிகளில் தேடியவர்கள் ஒரே மரத்தடியிலே வந்து சந்திக்கும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது. திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவு நீர்யானை என்று 1990களில் மரபணு சொன்னது. பலர் ஏற்கவில்லை. 2001இல், பாகிஸ்தானில் கிடைத்த கால்களுள்ள பழந்திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு வெளியாயிற்று. மான், பசு, நீர்யானை ஆகியவற்றின் இனத்துக்கே உரிய வடிவம் அதில் இருந்தது. மறுத்தவர்கள் திருத்திக்கொண்டனர்.

மரம் என்ற உருவமே திருத்தப்பட்டது. 1977இல் அமெரிக்காவின் கார்ல் வோசும் ஜார்ஜ் ஃபாக்சும் நுண்ணுயிர்களின் அணுவை ஆராய்ந்து, ஒரே கூட்டம் என்று எண்ணியிருந்தவை இரண்டு பெருங்கிளைகள் என்று காட்டினர். நுண்ணுயிர்கள் தம் மரபணுவைப் பெற்றோரிடமிருந்து மட்டுமின்றிப் பக்கத்து இனத்திடமிருந்தும் பெற்றுக்கொள்கின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே அந்தப் பகுதியிலே மரம் என்பதைவிட வலை என்பதே பொருத்தம் என்று அறிஞர் சிலர் வாதிட்டனர். டார்வினின் படத்திலே கைவைக்கலாமா என்று எவரும் அவர்களைக் கல்லால் அடிக்கவில்லை. வேதத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

மரம் சொன்ன சாட்சி

இதெல்லாம் ஆராய்ச்சிக் கூடத்து விளையாட்டு, ஏழை எளியவருக்கு இதனால் என்ன என்று கேட்பார் உண்டு. அவர்கள் லிபியா நாட்டு வழக்கைக் கேட்கட்டும். பெங்காசி நகரத்து மருத்துவமனையிலே 400க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியது. 1998 மார்ச்சில் அங்கு வேலைக்கு வந்த பல்கேரிய நாட்டுச் செவிலியர் ஐவரும், பாலஸ்தீன மருத்துவர் ஒருவரும் வேண்டுமென்றே கிருமியைப் புகுத்தினர் என்று குற்றம் சாட்டி, 2004இல் மரண தண்டனை விதித்தனர். மேல்முறையீட்டுக்குப் பின் மறு விசாரணை நடந்தது. 2006 டிசம்பரில், பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று, குழந்தைகளின் உடலில் இருந்த கிருமிகளுக்குக் கொடிவழி மரம் வரைந்து காட்டியது. கிருமியின் கிளைகள் அவர்கள் அந்த மருத்துவமனைக்கு வேலைக்கு வரும் முன்பே கிளைத்துப் பரவத் தொடங்கியிருந்தன! மரம் சாட்சி சொன்னது. மன்றம் கேட்கவில்லை. அம்மாதமே மீண்டும் மரண தண்டனை விதித்தது. உலகம் கொதித்தது, பேச்சுவார்த்தை நடந்தது, 2007 ஜூலையில் ஆறுபேரும் விடுதலையாகி வெளியேறினர். பழி போடுவதற்கு அந்நியரைத் தேடும் வெறிக்கு எதிரே, ஒரு கிளைப்படம் உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றது.

நம் நாட்டிலோ, 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. பாடச் சுமையைக் குறைத்தோம் என்றார்கள். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கண்டித்துக் கையெழுத்திட்டனர். பத்தாம் வகுப்புக்கு மேலே உயிர்நூல் பயிலாத பிள்ளைகளே மிகுதி. அவர்கள் அந்த மரத்தை எங்கே காண்பார்கள்? மரத்தை மறைத்துவிட்டால், அந்த இடம் வெற்றிடமாகவா இருக்கும்? பழைய ஏணியை அங்கே சாத்துவதற்கு ஆள் இல்லையா?

தோழர்களே! அடுத்த கூட்டத்திலும் அவர் எழுந்து நிற்பார். அதே கேள்வியைக் கேட்பார். சினவாதீர்கள். தப்பியோடாதீர்கள். ஒரு கரும்பலகை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு கோடு போடுங்கள். அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு நுனியிலே குரங்கு என்றும், மறு நுனியிலே மனிதன் என்றும் எழுதுங்கள். பிறகு சுண்ணக்கட்டியை அவர் கையிலே கொடுத்து, "இதிலே மேல் எது, கீழ் எது, நீங்களே குறித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.